ஆயுட்கால உத்தரவாதம் யாருடைய ஆயுளுக்கு?

தென்பெண்ணையாற்றுக்குத் தெற்கே அமைந்த நமது திருவெண்ணெய்நல்லூர் வட்டாரத்தில் மிதிவண்டி புதிய பொருளன்று. கரும்புக் கொல்லைக்குச் செல்லும் பெரியவரும், பால் கேனைக் கட்டிக்கொண்டு வருபவரும், ஃபஜ்ருத் தொழுகைக்குப் பள்ளிவாசலை நோக்கி விரைபவரும் நெடுங்காலமாக அதில்தான் சென்று வருகின்றனர். தமிழக அரசு 2001-02 கல்வியாண்டில் பட்டியலின, பழங்குடி மாணவியருக்காகத் தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம், பின்னர் அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளில் பதினோராம் வகுப்பு பயிலும் மாணவ மாணவியருக்கும் விரிவாக்கப்பட்டது. அதனால் சைக்கிள் இல்லாத வீட்டை இன்று காண்பது அரிது.

ஆனால் இப்போது நம் பிள்ளைகள் கேட்பது வேறொன்று. தடித்த டயரும், முன்புறத்தில் ஷாக் அப்சார்பரும், கியரும் கொண்ட மலைப்பாதை மிதிவண்டி. அவர்கள் மொழியில் ‘மவுண்டன் பைக்’. பதினைந்தாயிரம், இருபதாயிரம் என விலை சொல்லப்படும் பொருள் அது. சிறிய கடை நடத்துபவருக்கோ, வளைகுடாவில் உழைத்து மாதந்தோறும் பணம் அனுப்புபவருக்கோ அது எளிய தொகையன்று. எனவே பெற்றோர் கடைக்காரரிடம் தவறாமல் கேட்கும் கேள்வி, “எத்தனை வருடம் வாரண்டி?” என்பது. “ஃபிரேமுக்கு லைஃப் டைம்” என்று விடை வரும். மனம் நிறைந்து பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம்.

உத்தரவாதத்தை ஆண்டுக் கணக்கில் அளப்பது பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. எந்த உறுப்புக்கு, எந்த நிபந்தனையின் பேரில், யார், எங்கே அதை நிறைவேற்றுவார் என்னும் நான்கு வினாக்களால்தான் அதை அளக்க வேண்டும். இந்த நான்குக்கும் விடை தெரியாத ஆயுட்கால உத்தரவாதத்தைவிட, விடை தெரிந்த ஓராண்டு உத்தரவாதமே மேலானது.

மலைக்கென்று உருவான வண்டி

இந்த வகை மிதிவண்டி எதற்காகத் தோன்றியது என்பதை அறிந்தால், நமக்கு எது தேவை என்பதும் விளங்கும். அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் மரின் மாவட்டத்தில், ஃபேர்ஃபாக்ஸ் என்னும் ஊரை ஒட்டிய மலைச்சரிவில், 1976ஆம் ஆண்டு சில இளைஞர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களில் கீழ்நோக்கி ஓட்டும் பந்தயத்தைத் தொடங்கினர். பின்சக்கரத்தின் ஹப்புக்குள் அமைந்திருந்த பிரேக் சூடேறி, உள்ளிருந்த கிரீஸ் புகைந்து போய்விடும். ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் ஹப்பைப் பிரித்து மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால், அப்பந்தயத்துக்கே ‘ரீபேக்’, அதாவது மீண்டும் அடைத்தல், என்ற பெயர் ஏற்பட்டது. 1977இல் ஜோ பிரீஸ் என்பவர் இத்தகைய ஓட்டத்துக்கென்றே தனியாகச் சட்டகம் செய்தார். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ‘ஸ்டம்ப்ஜம்பர்’ தொழிற்சாலையில் பெருமளவில் தயாரிக்கப்பட்டு விற்பனைக்கு வந்தது.

இவ்வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது, இவ்வண்டியின் தொடக்கமே பராமரிப்போடு பின்னிப் பிணைந்திருந்தது என்பதாகும். கடினமாக ஓட்டினால் தேயும். தேய்ந்தால் பிரித்துச் சீராக்க வேண்டும். அந்த வேலையை எந்த உத்தரவாதச் சீட்டும் நமக்காகச் செய்து தராது.

நமது நிலமோ பெரும்பாலும் சமவெளி. வடக்கே செஞ்சியின் பாறைக் குன்றுகளும் மேற்கே கல்வராயன் மலையும் இருந்தாலும், அன்றாடம் நாம் ஓட்டுவது தார்ச்சாலையிலும், ஏரிக்கரை மண்பாதையிலும், ஆற்றோர மணலிலும்தான். மணலில் சக்கரம் புதையாமல் காப்பது டயரின் அகலமும் அளவான காற்றழுத்தமுமே. முன்புற ஷாக் அங்கே பெரிதாக உதவுவதில்லை. விலை குறைந்த வண்டிகளில் வரும் ஸ்பிரிங் ஷாக், வண்டியின் எடையை ஒரு கிலோவுக்கு மேல் கூட்டிவிடும். மணலும் மழைநீரும் உட்புகுந்தால் விரைவில் இறுகியும் போகும். ஷாக் இல்லாத, நேரான உறுதியான ஃபோர்க்கு கொண்ட வண்டி நம் பிள்ளைக்குப் போதுமானது என்பதே என் எண்ணம். இத்தேர்வுக்கும் உத்தரவாதத்துக்கும் தொடர்பு உண்டு. அதைக் கீழே காண்போம்.

யாருடைய ஆயுள்?

பெயர்பெற்ற சில நிறுவனங்களின் உத்தரவாத விதிகளை அருகருகே வைத்துப் படித்தால், ‘ஆயுட்காலம்’ என்னும் ஒரே சொல் எவ்வளவு வேறுபட்ட எல்லைகளைக் கொண்டது என்பது தெரியவரும்.

ஜயண்ட் நிறுவனம் முதல் உரிமையாளருக்குச் சட்டகத்தின் மீது ஆயுட்கால உத்தரவாதம் தருகிறது. ஆனால் செங்குத்தான மலைச்சரிவில் இறங்குவதற்கென்று செய்யப்படும் வகைகளுக்கு அது மூன்று ஆண்டுகளாகச் சுருங்குகிறது. நேரான ஃபோர்க்குக்குப் பத்து ஆண்டுகள். வண்ணப்பூச்சுக்கும் பிற உறுப்புகளுக்கும் ஓராண்டு. ஷாக் கொண்ட ஃபோர்க்கு இக்கணக்கில் சேராது. அதைச் செய்த நிறுவனத்தின் உத்தரவாதம்தான் அதற்குப் பொருந்தும். டிரெக் நிறுவனமும் சட்டகத்துக்கான ஆயுட்கால உத்தரவாதத்தை முதல் உரிமையாளர் ஒருவருக்கே தருகிறது. டெகத்லான் நிறுவனம் தன் மிதிவண்டிகளின் சட்டகம், ஹேண்டில்பார், அதைத் தாங்கும் ஸ்டெம், நேரான ஃபோர்க்கு ஆகியவற்றுக்கு ஆயுட்கால உத்தரவாதமும், பிற உறுப்புகளுக்கு இரண்டு ஆண்டும் என வகுத்திருப்பதோடு, தேயும் உறுப்புகளை விலக்கி வைக்கிறது. இவ்விதிகள் நாட்டுக்கு நாடும் ஆண்டுக்கு ஆண்டும் மாறக்கூடியவை. ஆகவே வாங்கும் நாளில் கையில் தரப்படும் சீட்டே இறுதியானது.

இவற்றிலிருந்து மூன்று செய்திகள் புலனாகின்றன. முதலாவது, ஆயுள் என்பது முதலில் வாங்கியவரின் உரிமை நீடிக்கும் காலம். அண்ணன் வாங்கிய வண்டியைத் தம்பி ஓட்டுவது நம் வீடுகளில் இயல்பு. ஆனால் பில் யார் பெயரில் இருக்கிறதோ அவரே உரிமையாளர். உறவினரிடமிருந்தோ நண்பரிடமிருந்தோ இரண்டாம் கையாக வாங்குபவருக்கு அந்த ஆயுள் பெரும்பாலும் வந்து சேர்வதில்லை. ஆகவே பழைய வண்டி விற்பவர் “இதற்கு லைஃப் டைம் வாரண்டி இருக்கிறது” என்று சொல்லி விலையை உயர்த்துவாரானால், தம்மிடம் இல்லாத ஒன்றை அவர் விற்கிறார்.

இரண்டாவது, நான் மேலே சொன்ன நேரான ஃபோர்க்கின் சிறப்பு. ஒரு நிறுவனத்தில் பத்து ஆண்டும், மற்றொன்றில் ஆயுள் முழுதும் அதற்குப் பாதுகாப்பு உள்ளது. ஷாக் பொருத்திய ஃபோர்க்கை எடுக்கும் கணத்திலேயே அந்தப் பாதுகாப்பு நம் கையைவிட்டுப் போய்விடுகிறது. கூடுதல் பணம் கொடுத்து, குறைவான உத்தரவாதத்தை வாங்குகிறோம்.

மூன்றாவது, நிறுவனத்துக்கும் ஓர் ஆயுள் உண்டு. 1951இல் அரியானாவின் சோனிபட்டில் தொடங்கி, நம் தந்தையர் காலத்தில் ஊர்தோறும் ஓடிய அட்லஸ் சைக்கிளின் சாகிபாபாத் தொழிற்சாலை, 2020 ஜூன் 3 அன்று உற்பத்தியை நிறுத்தியது. ஐக்கிய நாடுகள் அவை உலக மிதிவண்டி நாளாக அறிவித்த நாளும் அதுவே. ஏழு பதிற்றாண்டுப் புகழ் கொண்ட பெயருக்கே இந்நிலை வருமெனில், நேற்று இணையத்தில் தோன்றிய ஒரு பெயர் தரும் ‘ஆயுட்கால’ உறுதிமொழியை எவ்வளவு நம்புவது? நமக்கு அருகில், அம்பத்தூரில் 1949இல் வேரூன்றிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகளுக்கும், லூதியானாவில் 1956இல் தொடங்கிய ஹீரோ வண்டிகளுக்கும் சிற்றூர்க் கடைகளில்கூட உதிரி உறுப்புகள் கிடைப்பதை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். எளிதில் கிடைக்கும் உதிரி உறுப்பும் ஒருவகை உத்தரவாதமே.

தேய்மானமும் பழுதும்

உத்தரவாதம் எதற்காக? பொருளிலும் செய்முறையிலும் இருந்த குறைக்காக. பயன்படுத்தியதால் நேர்ந்த தேய்மானத்துக்காக அன்று. இவ்வேறுபாட்டை அறியாமையே கடைகளில் நிகழும் பெரும்பாலான சச்சரவுகளுக்குக் காரணம்.

சட்டகத்தின் பற்றவைப்பு விரிசல் விட்டால் அது செய்முறைக் குறை. டயர், டியூப், பிரேக் கட்டை, செயின், கேபிள், கைப்பிடி உறை ஆகியவை தேய்ந்தால் அது பயன்பாட்டின் இயல்பு. சட்டகம் உடைவது அரிது. தேய்பவையோ ஆண்டுதோறும் மாற்ற வேண்டியவை. அதாவது, மிக நீண்ட உத்தரவாதம் மிக அரிதாகப் பழுதாகும் உறுப்புக்குத் தரப்படுகிறது. அடிக்கடி செலவு வைக்கும் உறுப்புகளுக்கு உத்தரவாதமே இல்லை. இதில் நிறுவனத்தின் வஞ்சகம் ஏதுமில்லை. ஆனால் ‘லைஃப் டைம்’ என்ற சொல்லை மட்டும் உரக்கச் சொல்லி, எஞ்சியவற்றைச் சொல்லாமல் விடும் விற்பனையில் வஞ்சகம் புகுந்துவிட வாய்ப்புண்டு.

தேய்மானத்தை நாமே அளந்தறியலாம். செயினின் ஓர் இணைப்பு அரை அங்குலம்; 24 இணைப்புகள் சேர்ந்தால் 12 அங்குலம். அளவுகோலை வைத்துப் பார்க்கையில் அது பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றிவிட வேண்டும். தாமதித்தால் ஃப்ரீவீலின் பற்களையும் அது தின்றுவிடும். சிறிய செலவு பெரிய செலவாகும். விரிசலையும் நாமே கண்டறியலாம். ஹேண்டிலுக்குக் கீழே குழாய்கள் கூடும் இடத்தையும், பெடல் அச்சுக்கு மேலுள்ள இணைப்புகளையும் மாதம் ஒருமுறை துணியால் துடைத்துப் பார்த்தால், வண்ணத்தில் மயிரிழை போன்ற கோடு தென்படுகிறதா என்பது தெரியும். கோடு தென்பட்டால் வண்டியை நிறுத்திவிட வேண்டும். குறை தெரிந்த பிறகும் ஓட்டிக்கொண்டிருப்பது உயிருக்கும் கேடு. உரிமைக் கோரிக்கையும் அதனால் வலுவிழக்கும்.

நிபந்தனைகளில் இன்னும் இரண்டு உள்ளன. ஒன்று, வண்டி எந்த வகை ஓட்டத்துக்கு என்பது. ஏ.எஸ்.டி.எம். என்னும் தர அமைப்பின் வகைப்பாட்டில் முதல் வகை தார்ச்சாலைக்கு மட்டும். இரண்டாவது, சரளைப் பாதையும் 15 சென்டிமீட்டர் வரையிலான சிறு இறக்கங்களும். மூன்றாவது, கரடுமுரடான பாதையும் 61 சென்டிமீட்டர் வரையிலான குதிப்புகளும். ஐந்தாவதுதான் உயரத்திலிருந்து பாயும் ஓட்டத்துக்கு. பார்வைக்கு மலை வண்டியாகத் தோன்றுபவற்றில் பல இரண்டாம் வகையைத் தாண்டாதவை. முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டும் சாகசத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து வெளியிடும் பிள்ளை, தன் உத்தரவாதத்துக்கு எதிரான சான்றைத் தானே வெளியிடுகிறான்.

மற்றொன்று, வண்டியைப் பூட்டியவர் யார் என்பது. இணையத்தில் வாங்கும் வண்டி பெட்டியில் பாதி பூட்டிய நிலையில் வருகிறது. முறையற்ற பொருத்துதலால் வரும் பழுதைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்பதில்லை. பெடலின் இடது மரை எதிர்த்திசையில் சுழல்வது என்பதை அறியாமல் வலிந்து திருகிக் கிராங்கைக் கெடுத்துவிட்டால், அப்பழி நிறுவனத்தைச் சேராது.

எங்கே நிறைவேறும்?

திருவெண்ணெய்நல்லூரிலிருந்து விழுப்புரம் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். சென்னையோ 180 கிலோமீட்டர் அளவில் உள்ளது. ஆயுட்கால உத்தரவாதம் உள்ள சட்டகத்தில் விரிசல் கண்டால், அதைச் சோதித்து ஒப்புக்கொள்ளும் அதிகாரம் பெற்ற கடை எங்கே இருக்கிறது? வண்டியை அங்கே கொண்டு சேர்க்கும் செலவு யாருடையது? பழைய சட்டகத்திலிருந்து உறுப்புகளைக் கழற்றிப் புதியதில் பூட்டும் கூலி யாருடையது? உத்தரவாதத்தில் உறுப்பு இலவசம் என்றாலும், கூலி சேராது என்று டிரெக், ஜயண்ட் போன்ற நிறுவனங்கள் எழுதியே வைத்துள்ளன. போக்குவரத்துக்கும் கூலிக்கும் ஆகும் தொகை, அவ்வுறுப்பை உள்ளூரில் வாங்கும் விலையை நெருங்குமெனில், அந்த உத்தரவாதம் காகிதத்தில் மட்டுமே வாழ்கிறது.

ஆகவே வண்டியைத் தேர்ந்தெடுக்கும் முன்னர், நம் கடைத்தெருவில் பஞ்சர் ஒட்டி, ரிம்மில் கோட்டம் எடுத்துத் தரும் மெக்கானிக்கிடம் ஒருமுறை கேட்பது நல்லது. “இந்த அளவு டயர் உங்களிடம் கிடைக்குமா? இந்த டிஸ்க் பிரேக்கைச் சரிசெய்யத் தெரியுமா?” என்று கேட்டால் அவர் உண்மையைச் சொல்வார். 26 அங்குலச் சக்கரத்துக்கு எளிதில் கிடைக்கும் டயர், 29 அங்குலத்துக்கு அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. டயருக்காக இரண்டு வாரம் சுவரில் சாய்ந்து நிற்கும் வண்டி, எவ்வளவு சிறந்த உத்தரவாதம் பெற்றிருந்தாலும் பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டு சேர்க்காது.

எழுதப்பட வேண்டிய வாக்கு

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். அது வணக்க வழிபாட்டைப் பற்றியதன்று. தவணையிட்டுக் கொடுக்கும் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. கைக்குக் கை உடனே முடியும் வியாபாரத்தை எழுதாமல் விடுவதில் குற்றமில்லை என்ற சலுகையும் அவ்வசனத்தில் உள்ளது. இச்சலுகையை நினைத்தே நம்மில் பலர், “பணம் கொடுத்தோம், வண்டி வாங்கினோம், பில் எதற்கு?” என்று இருந்துவிடுகிறோம்.

ஆனால் உத்தரவாதத்தோடு வாங்கும் பொருளில் கொடுக்கல் வாங்கல் அன்றே முடிந்துவிடுவதில்லை. வண்டி கைக்கு வந்துவிட்டது. வாக்கு மட்டும் பின்னாளில் நிறைவேற வேண்டிய ஒன்றாக நிற்கிறது. தவணையுள்ள கடனைப் போன்றதே அது. எனவே எழுதி வைக்க வேண்டும் என்னும் அறிவுரை இதற்கும் பொருந்தும் என்பது என் பணிவான கருத்து.

எழுத்தின் வலிமையை நம் ஊருக்கு வேறு யாரும் வந்து சொல்லித் தர வேண்டியதில்லை. இந்து சகோதரர்கள் போற்றும் பெரியபுராணத்தில் வரும் ஓலை வழக்கு இவ்வூர்ச் சபையில்தான் நடந்ததாகச் சேக்கிழார் பாடியுள்ளார். சுந்தரரின் திருமணத்தின்போது முதியவர் ஒருவர் அடிமை ஓலையைக் காட்டி வழக்குரைக்க, சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். கிழிந்தது படியோலைதான், மூல ஓலை தம்மிடம் இருக்கிறது என்கிறார் முதியவர். சபையார் அம்மூலத்தைப் பெற்று, சுந்தரருடைய பாட்டனாரின் வேறோர் எழுத்தோடு ஒப்புநோக்கித் தீர்ப்பளிக்கின்றனர். நம்பிக்கைகள் வேறாயினும், மூலத்தைப் பத்திரப்படுத்துவதும், படியைத் தனியே வைப்பதும், எழுத்தை ஒப்பிட்டு முடிவு செய்வதும் இம்மண்ணில் பழகிய வழக்கங்கள் என்பதை அது காட்டுகிறது.

பில்லைத் தவிர்ப்பதற்குச் சொல்லப்படும் காரணம் வரி. மிதிவண்டிக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டுள்ளது. 15,000 ரூபாய் விலையுள்ள வண்டிக்கு வரி 750 ரூபாய். அதை மிச்சப்படுத்த, முழு உத்தரவாதத்தையும் இழப்பது கணக்கிலும் சரியன்று. அரசுக்குச் சேர வேண்டியதை மறைப்பது மார்க்கத்திலும் சரியன்று.

விற்பவரின் கடமை

நம் சமுதாயத்தில் கடை வைத்திருப்போர் பலர். அவர்களுக்கும் இதில் பங்குண்டு. சந்தையில் தானியக் குவியல் ஒன்றினுள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டதும், மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி சொன்னதும், மக்கள் காணும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அவர்கள் வினவியதும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான செய்தி. இன்றைய மிதிவண்டிக் கடையில் அந்த ஈரம், சீட்டின் பின்புறம் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்ட விலக்குகளே. “சட்டகத்துக்கு ஆயுள் முழுதும் உண்டு, செயினுக்கும் டயருக்கும் இல்லை, ஷாக்குக்குத் தனி விதி” என்று விற்பவர் தாமாகவே சொல்வது, ஈரத்தை மேலே வைப்பதாகும்.

மார்க்கச் சட்டத்தில் வாங்குபவருக்குரிய உரிமைகள் முன்பே வகுக்கப்பட்டுள்ளன. ஒப்படைக்கும் முன்பே இருந்த குறை பின்னர் தெரியவந்தால் பொருளைத் திருப்பித் தரும் உரிமையைக் ‘கியாருல் ஐப்’ என்பர். குறை தெரிந்ததும் தாமதியாமல் திருப்ப வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. நிபந்தனையிட்டு முடிவை ஒத்திவைக்கும் ‘கியாருஷ் ஷர்த்’ என்னும் உரிமைக்கு ஷாஃபிஈ மத்ஹபும் இமாம் அபூஹனீஃபா அவர்களும் மூன்று நாள்களை எல்லையாகக் கொண்டனர். மூன்று நாள் ஓட்டிப் பார்த்துக் குறையிருந்தால் திருப்பித் தருவேன் என்று வாங்கும்போதே பேசிக்கொள்வதை நம் கடைக்காரர்கள் இன்முகத்தோடு ஏற்றால், அந்த வழிமுறை நம் தெருக்களில் உயிர்பெறும்.

கூடுதல் பணம் கட்டினால் உத்தரவாதத்தை நீட்டித்துத் தருவதாகச் சொல்லும் திட்டங்களும் உள்ளன. பழுது வருமா வராதா என்று தெரியாத ஒன்றுக்குத் தனியே விலை கொடுப்பதால், காப்பீட்டில் உள்ள நிச்சயமின்மை இதிலும் உள்ளது எனக் கூறி இதை ஏற்காத அறிஞர்கள் பலர், அனுமதிப்போரும் உண்டு. ஐயம் உள்ளவர் தாம் நம்பும் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும். மிதிவண்டியைப் பொறுத்தவரை, அப்பணத்துக்கு ஒரு செயினும் இரண்டு டயரும் வாங்கி வைப்பதே பயனுள்ளது என்பேன்.

வாங்குபவரின் நேர்மை

உத்தரவாதம் இருபக்க வாக்கு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். வண்டியைக் குளத்து மதகிலிருந்து குதிக்கவைத்து ஃபோர்க்கை வளைத்துவிட்டு, “நேராக ஓட்டும்போதே வளைந்துவிட்டது” என்று சொல்லிப் புதியது பெறுவதைச் சிலர் சாமர்த்தியமாகக் கருதுகின்றனர். பெரிய நிறுவனத்துக்கு இது ஒரு பொருட்டா என்று கேட்கின்றனர். எதிரே இருப்பவர் செல்வர் என்பதால் பொய் மெய்யாகிவிடுவதில்லை. அந்தச் செலவு அடுத்து வாங்குபவரின் விலையில் ஏறும். உண்மையான குறையோடு வரும் ஏழையின் பேச்சும் ஐயத்தோடு பார்க்கப்படும். தந்தை கடையில் நின்று பொய் சொல்லிப் பெற்றுத் தந்த ஃபோர்க்கில் ஓட்டிச் செல்லும் பிள்ளை, மிதிவண்டியோடு இன்னொன்றையும் கற்றுக்கொள்கிறான். இக்கட்டுரையில் எனக்கு மிகுந்த கவலை தருவது இதுவே.

மறுக்கப்பட்டால்

நேர்மையான கோரிக்கை மறுக்கப்பட்டால் பொறுத்துக்கொண்டு இருந்துவிட வேண்டும் என்பதில்லை. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பில் தர மறுப்பதையும், பழுதான பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாள்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதையும் முறையற்ற வணிக நடைமுறை எனக் கூறுகிறது. நிறுவனம் எங்கிருந்தாலும், வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். நமக்கு விழுப்புரத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் அதற்குரிய இடம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு முறையீட்டுக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். அதற்கு முன் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். எழுத்து மூலம் உத்தரவாதம் தராவிட்டாலும்கூட, எந்தப் பயனுக்கென்று சொல்லி வாங்கினோமோ அதற்குத் தகுதியான பொருளாக இருக்க வேண்டும் என்னும் மறைமுக நிபந்தனையை 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. இவை அனைத்துக்கும் முதற்சான்று பில்தான்.

வாங்கும் நாளில்

ஆகவே கடைக்குச் செல்லும் நாளில் சிலவற்றை நினைவில் கொள்ளுங்கள். ஓட்டப்போகும் பாதையை முதலில் சொல்லுங்கள். பெயரையும் நிறத்தையும் பிறகு பாருங்கள். பிள்ளையை வண்டியில் ஏற்றி, இரு கால்களும் தரையை எட்டுகின்றனவா எனப் பாருங்கள். உத்தரவாதச் சீட்டைப் பணம் கொடுக்கும் முன்பே வாங்கி, விலக்குகளைப் பிள்ளையையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பெடல் அச்சின் அடியில் பொறித்திருக்கும் சட்டக எண்ணை பில்லில் எழுதச் சொல்லுங்கள். பில்லையும் சீட்டையும் படமெடுத்து வைத்துவிட்டு, மூலத்தை வீட்டுப் பத்திரங்களோடு சேருங்கள். முதல் மாத இறுதியில் ஒருமுறை கடையில் கொடுத்து, தளர்ந்த திருகுகளையும் ஸ்போக்ஸ் கம்பிகளையும் முறுக்கச் செய்யுங்கள்.

நிறுவனங்களை ஒப்பிடும்போது, யார் அதிக ஆண்டு சொல்கிறார் என்று பார்ப்பதைவிட, யார் தம் வாக்கின் எல்லையைத் தெளிவாக எழுதியிருக்கிறார், அவ்வாக்கைக் கேட்டுப் பெற நாம் எவ்வளவு தொலைவு செல்ல வேண்டும் என்று பாருங்கள். இரண்டிலும் முன்னிற்கும் வண்டி, விளம்பரத்தில் பின்தங்கியிருந்தாலும் அதையே எடுங்கள்.

வாங்குவோரும் விற்போரும் உண்மை பேசிக் குறைகளை வெளிப்படுத்தினால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டு என நபி (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். நம் பிள்ளைகளின் முதல் பெரிய கொள்முதல் அத்தகையதாக அமைய அல்லாஹ் அருள்புரிவானாக.